ஆரியா என்றால் இறக்கு

கல்மண்டபம் ரோடு,
ராயபுரம், மதராஸ்-13
18-1-1953

அன்புள்ள சுலோசனாவுக்கு,

ஊர் உறங்கிய பிறகு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன், மன்னித்துக்கொள். சின்னவள் கிரேஸ் இருமி இருமி இப்போதுதான் கண் மூடினாள். வரிகள் கோணிக்கொண்டு போனால் லாந்தரைக் குறை சொல், என்னைச் சொல்லாதே. ஹாஸ்டலில் விளக்கணைத்த பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து நாம் பரீட்சைக்குப் படித்ததை நினைத்துக்கொண்டேன்.

படம் பார்த்துவிட்டு வந்தோம், சுலோ. நீ கதையில் பெற்ற மதிவாணனும் நான் பெற்ற ஜெயசீலனும் ஒரே அரைக்கால் சட்டையில் நிற்கிறார்கள். 'மஞ்சள் கொடிக் கப்பல்' என்று எழுத்து விழுந்தது. அதன் கீழே உன் பேர். அப்புறம் 'மாஸ்டர் ஜெயசீலன்' என்று தனியாக, நடுவில். பதின்மூன்று வயதுப் பையனுக்கு இவ்வளவு பெரிய எழுத்தா என்று எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. இவருக்குக் கூச்சமெல்லாம் இல்லை. ஹார்பரில் இவரோடு சரக்குக் கணக்கு எடுக்கிற டாலி கிளார்க்குகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து இரண்டு வரிசையை அடைத்துவிட்டார்.

ஒரு விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். யாராவது சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம். கள்ளக்கடத்தல்காரனை மதிவாணன் படகில் மடக்குகிற இடம் இருக்கிறதே, அங்கே நீ "என்ன ஐயா, கால்கள் நடுங்குகின்றனவா?" என்று எழுதியிருந்தாய். ஒரு வாரம் அவனை நிற்க வைத்து இந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுத்தேன். பாவி, காமிராவுக்கு முன்னால் போய் "இன்னா நைனா, காலு ஒதறுதா?" என்று கேட்டிருக்கிறான். எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். டைரக்டர் ரகுபதி அதையே வைத்துக்கொண்டுவிட்டார்.

கொட்டகையில் அந்த வரி வந்தபோது எனக்கு முகம் தீப்பிடித்த மாதிரி இருந்தது. நான் பாளையங்கோட்டைக்காரி, காலேஜில் தமிழ் படித்தவள், என் பிள்ளை வாயில் இது வருகிறதே என்று. ஆனால் கொட்டகை இடிந்துவிடும் போல விசில். பக்கத்தில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். "சினிமான்னா புரியாததாத்தான் பேசுவாங்கனு நெனச்சுகினு இருந்தேன். இந்தப் பையன் பேசுறது மட்டும் இன்னாத்துக்கு எனக்குப் புரியுது?" என்றாள். என் பிள்ளைதான் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு படம் முடிகிற வரைக்கும் விடவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் என் புடவையெல்லாம் மீன் வாசம்.

கோபித்துக்கொள்ளாதே. கதையில் வரும் மற்ற வரிகளை ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறான். இரண்டாவது கதையையும் இதே கம்பெனி எடுக்கப்போகிறதாம், மறுபடி மதிவாணன் இவன்தானாம். சுலோ அத்தையை இன்னும் சீக்கிரம் கதை எழுதச் சொல்லு என்று என்னைப் பிடுங்குகிறான்.

உன் அன்புள்ள,
தங்கபுஷ்பம்


திருச்சி
27-1-1953

என் பிரியமுள்ள புஷ்பத்துக்கு,

உன் கடிதம் வந்த அன்றே நாங்களும் இங்கே படம் பார்த்தோம். இவர் ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் இல்லையா, பள்ளிப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையாக அழைத்துப் போனார். சங்கரநாராயணன் சார் சம்சாரம் எழுதிய கதை என்று வழியெல்லாம் ஒரே பேச்சு. உன் பிள்ளை கண்ணுக்குள்ளேயே நிற்கிறான். கப்பல் ஏணியில் ஏறும்போது கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு மேலே பார்க்கிறானே, அது நான் எழுதாதது. எழுதியிருக்க வேண்டியது.

மதிவாணனைப் பத்திரிகையில் தொடராக எழுதும்போதெல்லாம் உன் கடிதங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். ஹார்பர் எனக்கு என்ன தெரியும்? நீ அவருக்குச் சோறு அனுப்புகிறது, சீலன் தூக்கு வாளியோடு ஹார்பர் கேட்டுக்குள் போகிறது, எல்லாம் நீ எழுதி நான் அறிந்ததுதானே. அதனால் பெருமையில் பாதி உன்னுடையது.

அந்த ஒரு வரியைப் பற்றி நீ இவ்வளவு சங்கடப்பட வேண்டாம். ஆனால் உன்னிடம் மறைப்பானேன். மறுநாள் இவர் பள்ளியில் ஒரு பையன் டிரில் மாஸ்டரைப் பார்த்து "இன்னா நைனா" என்று கேட்டுவிட்டான். பிரம்படி வாங்கினான். பெற்றோர்கள் பத்திரிகை ஆபீசுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். போகட்டும். புதிசாக ஒன்று நடந்தால் இப்படித்தான் நாலு பேர் பேசுவார்கள்.

கிரேஸுக்கு இருமல் தேவலையா? துளசிச் சாற்றில் தேன் விட்டுக் கொடு. சீலனுக்கு என் ஆசீர்வாதம். இரண்டாவது கதை 'பதினேழாம் கிடங்கு' எழுதி முடிந்துவிட்டது, புத்தகம் வந்ததும் முதல் பிரதி அவனுக்கு.

உன்,
சுலோசனா


ராயபுரம்
2-5-1953

அன்புள்ள சுலோ,

புத்தகம் வந்தது. சீலன் அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறான். 'என் முதல் மதிவாணனுக்கு' என்று நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாயே, அந்தப் பக்கத்தைத் தெருவில் காட்டாத வீடு பாக்கி இல்லை.

இப்போது எழுதுவது வேறொரு காரியமாக. நேற்று ரகுபதி வீட்டுக்கே வந்தார். 'பதினேழாம் கிடங்கு' படத்துக்கு ஒப்பந்தக் காகிதம் கொண்டுவந்தார். நடிப்பது சீலன்தானாம். ஆனால் பேசுவது அவன் இல்லையாம். தஞ்சாவூர் பக்கம் நாடகக் கம்பெனியில் பாடம் கற்ற பாஸ்கர் என்று ஒரு பையன், அவன் குரலைப் பிற்பாடு சேர்ப்பார்களாம். சீலன் வாயை அசைத்தால் போதுமாம்.

இவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "என் புள்ள மூஞ்சி வோணும், வாய் வோணாமா? பொம்மைய வெச்சு எடு சாமி" என்றார். ரகுபதி நல்ல மனுஷர், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். இது தன் முடிவு இல்லை என்று மட்டும் சொன்னார். பத்து நாள் தவணை கேட்டு அனுப்பியிருக்கிறேன்.

சீலனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் ஒரு பொய் சொல்லிவிட்டேன். உனக்குக் குரல் உடைகிற வயசு, நடுப்படத்தில் தவளை மாதிரி ஆகிவிட்டால் கம்பெனிக்கு நஷ்டம், அதனால்தான் என்றேன். நம்பிவிட்டான். அந்த நிமிஷத்திலிருந்து சூடான தண்ணீர்தான் குடிக்கிறான், ஐஸ் வேண்டாம் என்கிறான், கழுத்தில் என் பழைய மப்ளர். இந்த மே மாத வெயிலில். பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது.

சுலோ, கதையின் வசனம் உன் சம்மதம் இல்லாமல் மாறக்கூடாது என்று உன் ஒப்பந்தத்தில் இருப்பதாக நீயே முன்பு எழுதியிருக்கிறாய். நீ ஒரு வார்த்தை சொன்னால் கம்பெனியார் கேட்பார்கள். நான் அவனுக்குத் தினமும் பாடம் சொல்லித் தருகிறேன், ஒரு 'கீது' கூட வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று என் பேரைச் சொல்லி அவர்களுக்கு எழுது. உன்னை விட்டால் நான் யாரிடம் போவேன்?

உன் அன்புள்ள,
தங்கபுஷ்பம்


திருச்சி
10-5-1953

புஷ்பத்துக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் கையில் வைத்திருந்தேன். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் உனக்காக ரயிலேறி வந்து சண்டை போட்டிருப்பேன்.

குரலை மாற்றச் சொன்னது நான்தான்.

பத்திரிகைக்கு வந்த கடிதங்கள் இருநூறைத் தாண்டிவிட்டன. என் கதையைப் படித்தால் பிள்ளைகள் நல்ல தமிழ் பேசுவார்கள் என்று வாங்கிக் கொடுத்தவர்கள், இப்போது பத்திரிகையை நிறுத்தப்போகிறோம் என்கிறார்கள். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். மதிவாணன் ஹார்பர் பையன்தான். ஆனால் அவன் எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் பொதுவானவன், அவன் பேச்சு ஒரு தெருவின் பேச்சாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். சீலனை மாற்று என்று ஒருவர் சொன்னார். அதற்கு மட்டும் நான் ஒப்பவில்லை. முகம் அவனுடையதாகவே இருக்கட்டும், குரலை மட்டும் மாற்றலாம் என்று பேசி முடித்தேன்.

நீ கோபப்படும் முன் ஒன்று நினைத்துப் பார். அவனுக்கு ஆறு வயசில் 'வூட்ல கீது' என்று சொன்னதற்கு வாயில் அடித்ததாக நீதான் எனக்கு எழுதினாய். இந்த ஊர்ப் பேச்சு என் பிள்ளையை ஒட்டிக்கொண்டுவிட்டது, எப்படிக் கழுவுவேன் என்று அழுது எழுதினாய். உனக்குப் பிடிக்காததைத்தானே நானும் எடுத்தேன்?

கையெழுத்துப் போடு, புஷ்பம். பையனுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது. நீ சொன்ன காரணமே போதும். அவனுக்கு வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

என்றும் உன்,
சுலோசனா


ராயபுரம்
20-9-1953

அன்புள்ள சுலோசனாவுக்கு,

நாலு மாசமாக உனக்கு நான் எழுதவில்லை. எழுத வரவில்லை. உன் கடிதம் என்னை அடித்த இடம் அப்படி. நீ சொன்னது நிஜம். அந்த அடி நான் அடித்ததுதான். அதனால் இவரைச் சமாதானப்படுத்தி, நானே கையெழுத்துப் போட்டேன். அதில் உன் பங்கு எவ்வளவோ அவ்வளவு என் பங்கும் உண்டு. இனி எழுதப்போவதை அதை மறந்துவிட்டு எழுதுவதாக நினைக்காதே.

ஆகஸ்டில் ஹார்பரில் ஒரு நாள் படம் பிடிக்க அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு நாள். நான் போகவில்லை. இவரும், எங்கள் பக்கத்து வீட்டுக் கமாலுதீன் பாயும் சொன்னதைத்தான் சொல்கிறேன். பாய் அங்கே கிரேன் டிரைவர், அன்றைக்கு அவர் கிரேன்தான். பெட்டியைக் கட்டித் தூக்குகிறார்கள், மதிவாணன் மூட்டை மேல் ஏறி நின்று "நிறுத்துங்கள்" என்று வாயசைக்க வேண்டும். சத்தம் பிடிக்கிற வண்டி வரவில்லை, காமிரா மட்டும்தான். பெட்டி மேலே போகிறது. கட்டின கயிறு ஒரு பக்கம் நழுவுகிறது. பெட்டி சாய்ந்துகொண்டே காமிராக்காரர் நிற்கிற பக்கம் திரும்புகிறது. அவர் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைக் காமிராவில் வைத்திருக்கிறார், அவருக்கு என்ன தெரியும்?

சீலன் பார்த்துவிட்டான். "ஆரியா! ஆரியா!" என்று கத்தினான்.

ஹார்பரில் ஆரியா என்றால் இறக்கு. எந்தப் பாஷையோ, கப்பல்காரர்கள் கொண்டுவந்து போட்டது. எங்கள் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பாய் சட்டென்று இறக்கிவிட்டார். காமிராவுக்கு நாலு முழம் தள்ளிப் பெட்டி தரையில் உட்கார்ந்து உடைந்தது. சாயங்காலம் பாய் எங்கள் வாசலில் நின்றபடியே சொன்னார்: "யாரு கத்துனாங்கனு நான் பாக்கலம்மா. அந்தக் கொரலு வந்துச்சு, கை தானா எறக்கிடுச்சு. 'நிறுத்துங்கள்'னு எவனாவது மருவாதியா சொல்லிகினு இருந்தா, இன்னாத்த நிறுத்தறதுனு நான் யோசிச்சுகினு இருப்பேன்." அப்புறம் சீலன் தலையில் கை வைத்து ஏதோ ஓதிவிட்டுப் போனார்.

அந்த இடத்தில் காமிரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ரகுபதி போட்டுப் பார்த்தாராம். இரண்டு படத்திலும் இதைப்போல ஒரு முகம் இல்லை என்கிறார். மறுபடி எடுக்க அனுமதியும் கிடையாது. அதனால் அதையே கதையின் உச்சத்தில் வைத்துவிட்டார். ஆனால் உதடு ஆரியா என்று அசைகிறது. அதன் மேல் நிறுத்துங்கள் என்பதை எப்படி ஒட்டுவது?

போன வியாழக்கிழமை பாஸ்கரை வைத்துக் குரல் சேர்த்தார்கள். பாவம், நல்ல பிள்ளை, கணீரென்ற சாரீரம். அவன் காகிதத்தைப் படித்துவிட்டு, "ஆர்யா..." என்று குழைந்தானாம். புராண நாடகத்தில் பெண் வேஷம் கட்டியவன் அல்லவா, புருஷனை அழைக்கிறதாக நினைத்துவிட்டான். இன்னும் கோபமாகச் சொல் என்றால், ஊடல் செய்கிற மாதிரி சொல்கிறானாம். எட்டுத் தடவை. ஒன்பதாவது தடவை ரகுபதி சீலனைக் கூட்டி வர ஆள் அனுப்பினார். நானும் கிரேஸைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். பீச் ஸ்டேஷனில் ரயிலேறிக் கோடம்பாக்கம் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

சீலன் முதலில் பாஸ்கருக்குச் சொல்லிக் கொடுத்தான். சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "தொண்டைல வெச்சுக்காத தோஸ்து, அடிவயித்துலேந்து தள்ளு. மேல ஒக்காந்துகினு கீறவருக்குக் கேக்கணும்" என்று அரை மணி நேரம். பாஸ்கர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீயே சொல்லிடேன், என்னால முடியல்லே" என்றான்.

அப்புறம் சீலன் மைக் முன்னால் நின்றான். திரையில் பெட்டி சாய்கிறது. ஒரே ஒரு தடவை கத்தினான். சுலோ, நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அங்கே ஒருவர் காப்பித் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர், குடிக்காமல் கீழே வைத்துவிட்டார். மடியில் கிரேஸ் திடுக்கிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் எந்த வாயை அடித்தேனோ அந்த வாய். அதை அப்படி ஒரு அறைக்குள் நின்று கேட்டபோது, எனக்கு வந்த பெருமையை எழுத நான் படித்த தமிழ் போதவில்லை. ஒரு ஆளின் உயிரைப் பிடித்து நிறுத்தின குரல் அது. அதையா நாம் இரண்டு பேரும் சேர்ந்து பிள்ளைகள் காதில் விழக் கூடாது என்று முடிவு செய்தோம்?

ரகுபதி என்னைத் தனியே கூப்பிட்டார். படம் முழுக்கத் தஞ்சாவூர், ஒரு வார்த்தை மட்டும் ராயபுரம் என்றால் ஜனங்கள் கேலி செய்வார்கள் அம்மா, முழுசையும் பையன் குரலிலேயே செய்துவிடலாம், கதாசிரியை சம்மதித்து ஒரு வரி எழுதினால் போதும், பன்னிரண்டு நாளில் இந்த வேலை முடிந்தாக வேண்டும் என்றார். மூன்றாவது கதைக்கும் பேச்சை எடுத்தார். அதற்கு நான் அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். மூன்றாவதில் அவன் நடித்தால் பேசுவதும் அவன்தான், இல்லாவிட்டால் வேறு பிள்ளையைப் பாருங்கள் என்று. வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் என்னைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டும், கல்யாணத்தன்று கூட அப்படிப் பார்க்கவில்லை.

உன் பத்திரிகை, உன் வாசகர்கள், உனக்கு வரும் கடிதங்கள், எல்லாம் எனக்குப் புரிகிறது. உன் வரிகளை அவன் மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நீ எழுதியதையே அவன் சொல்லட்டும், அவன் வாயால். எங்காவது ஒரு 'இன்னா' தவறி விழுந்தால் விழட்டும். கன்னியம்மாவும் டிக்கெட் வாங்கித்தான் பார்க்கிறாள்.

திரும்பி வரும்போது ரயிலில் அவன் கேட்டான். "அம்மா, என் கொரலு ஒடையல. இன்னிக்கு எல்லாரும் கேட்டாங்க. அப்புறம் இன்னாத்துக்கு பாஸ்கரு?"

வீட்டுக்கு வந்ததும் என் பாதியைச் சொல்லிவிட்டேன். குரல் உடைகிற கதை பொய், காகிதத்தில் கையெழுத்துப் போட்டது நான், உன் பேச்சு எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போது இல்லை என்றேன். அவன் மப்ளரைக் கழற்றி மடித்து என் பெட்டியில் வைத்துவிட்டு, "அத்தைக்கு இது தெரியுமா?" என்று கேட்டான்.

உன் பாதியை நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது நீ. அத்தை உனக்கே எழுதுவாள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறான். ரகுபதிக்கு ஒரு வரி, அவனுக்கு ஒரு கடிதம். சீக்கிரம் பதில் எழுது, சுலோ.

உன்,
தங்கபுஷ்பம்